கமாண்டரின் டைரியும் கீழ்த்தளத்துப் பையன்களும்

சென்ற இதழில் ஒரு ரஷ்யப் படத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அலெக்சாண்டர் சொகுரோவ் 1998-இல் எடுத்த ‘பவின்னஸ்த்’. வெளிநாடுகளில் ‘கன்ஃபெஷன்’ என்ற பெயரில் தெரியும். வடமேற்கு ரஷ்யாவின் மர்மன்ஸ்க் வட்டாரத்தில் குவ்ஷின்கா என்ற கடற்படைத் தளத்துக்குப் போய், பேரன்ட்ஸ் கடலில் ஒரு கடற்படைக் கப்பலோடு தங்கி எடுத்த படம். ஐந்து பாகம், மூன்று மணி நேரத்துக்கும் மேல். சண்டை கிடையாது. கதை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கப்பல், மங்கிய வெளிச்சம், வேலை செய்யும் பையன்கள், இவற்றின் மேல் கமாண்டரின் டைரியாக ஓடும் ஒரு குரல். அவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் 1995 முதல் 2015 வரை இந்தியக் கடற்படையில், எஞ்சின் பிரிவில் மாலுமியாக இருந்தவன்.

முதல் பாகத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். எதுவுமே நடக்கவில்லை. இதை எப்படி சார் முழுக்க உட்கார்ந்து பார்த்தீர்கள்?
– வாசகர், திருப்பூர்

ஒரே மூச்சில் பார்க்கவில்லை. தொலைக்காட்சிக்காக ஐந்து பாகமாகச் செய்த படம் இது. ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்று, இரவு சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு பார்த்தேன். நீங்களும் அப்படிப் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்பீர்கள். 2002-இல் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குள் 96 நிமிடத்தை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக எடுத்தாரே, அதே சொகுரோவ்தான். அவரிடம் அவசரத்தை எதிர்பார்க்க முடியாது.

‘எதுவுமே நடக்கவில்லை’ என்கிறீர்கள். சரி, கப்பலில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

கடலில் ஒரு நாள் என்பது வாட்ச்களாக, அதாவது முறை வைத்துப் பணியில் நிற்கும் நேரங்களாக, உடைந்து கிடக்கும். நள்ளிரவு 12 முதல் 4 வரை மிடில் வாட்ச், 4 முதல் 8 வரை மார்னிங் வாட்ச், இப்படிப் போகும். எல்லாமே நான்கு மணி நேரமாக இருந்தால் ஒரு நாளில் ஆறு வாட்ச். மூன்று குழுவாகப் பிரிந்து நின்றால், ஒருவனுக்குத் தினமும் அதே நேரம்தான் விழும். மிடில் வாட்சில் மாட்டியவன் கப்பல் கரை சேரும் வரை நடுராத்திரியிலேயே கிடப்பான். அதனால் மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டாக உடைத்து, டாக் வாட்ச் என்று இரண்டு சின்ன வாட்ச் வைத்திருக்கிறார்கள். ஆறு ஏழாகிவிடும், முறை தானாகச் சுழலும். யாரோ பழைய மாலுமி தூக்கத்துக்கு ஏங்கிக் கண்டுபிடித்த கணக்கு இது என்று எனக்குத் தோன்றும்.

எஞ்சின் ரூமில் மணிக்கு ஒரு தடவை சுற்றி வர வேண்டும். ஆயில் பிரஷர் எவ்வளவு, தண்ணீரின் சூடு எவ்வளவு, பேரிங் சுடுகிறதா என்று பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். போன மணியில் எழுதிய அதே எண்ணை இந்த மணியிலும் எழுதினால் அது நல்ல வாட்ச். எதுவும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் அத்தனை பேரும் கண் விழித்து நிற்கிறோம்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். மெஸ் என்றால் கப்பலில் மாலுமிகள் தங்கித் தூங்கும் அறை. எங்கள் மெஸ்ஸில் பங்க் எனும் படுக்கை மூன்று அடுக்காக இருக்கும். தலைக்கு மேலே காற்றுக் குழாய் இரைந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்தவனுக்கு அந்த இரைச்சலில் தூக்கம் வராது. ஒரு மாதம் போனால் அது காதில் விழாது. அன்றைக்கு விடியற்காலை அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. நின்ற அந்த நொடியில் மெஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் விழித்துவிட்டோம். யாரும் பேசவில்லை, யாரும் விளக்கைப் போடவில்லை. இருட்டில் எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டு காது கொடுத்துக் கிடந்தோம். மெயின் எஞ்சின் ஓடுகிறதா? தரையில் அதிர்வு இருக்கிறதா? அரை நிமிடம் இருக்கும். மறுபடி காற்று வர ஆரம்பித்தது. என் கீழ்ப் பங்க்கில் இருந்தவன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு எல்லோரும் தூங்கிவிட்டோம். காலையில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அரை நிமிடத்தை எந்தச் சண்டைப் படத்திலும் நான் பார்த்ததில்லை. சொகுரோவின் கேமரா அப்படித்தான் காது கொடுத்துக் காத்திருக்கிறது. இன்னொரு தடவை, ஒரே ஒரு பாகம் மட்டும் பாருங்கள்.

படத்தின் பெயருக்கு என்ன அர்த்தம்? சிலர் ‘வாக்குமூலம்’ என்கிறார்கள், சிலர் ‘கடமை’ என்கிறார்கள்.
– கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

இரண்டும் அதற்குள் இருக்கிறது. ரஷ்ய மொழியில் ‘பவின்னஸ்த்’ என்றால் அரசு ஒருவன் மேல் சுமத்தும் கட்டாயப் பொறுப்பு. கட்டாய ராணுவ சேவைக்கு அவர்கள் சொல்லும் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அதற்கு உள்ளே ‘வினா’ என்ற வேர்ச்சொல் கிடக்கிறது. நம் வினா போலவே ஒலிக்கும், ஆனால் அங்கே பொருள் குற்றம். தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதைச் சொல்லும் சொல்லும் இதே வேரில் இருந்துதான் வருகிறது. ஆக, பெயரைக் கேட்டதும் ஒரு ரஷ்யர் காதில் கட்டாயமும் ஒப்புதலும் சேர்ந்தே விழும்.

தமிழில் ஒரே சொல்லில் வைக்கச் சொன்னால் நான் ‘கடன்’ என்று வைப்பேன். செய்தே தீர வேண்டியதும் கடன்தான், திருப்பித் தர வேண்டியதும் கடன்தான். மகனைப் பெற்று வளர்ப்பது என் கடன், போரில் வென்று வருவது அவன் கடன் என்று புறநானூற்றுத் தாய் பேசும்போது அந்தச் சொல்லில் இருக்கும் பாரம் எனக்கு இந்தப் படத்தின் பெயரிலும் தெரிகிறது.

படம் வந்த காலத்தில் ரஷ்யாவில் கட்டாய சேவை இரண்டு ஆண்டு. சோவியத் நாளில் தரைப்படைக்கு இரண்டு, கடற்படைக்கு மூன்று என்று இருந்தது. சேவை முடிந்து வீடு திரும்பும் நாளுக்கு அந்தப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் ‘டெம்பெல்’. உடுப்பு மாட்டிய நாளில் இருந்தே டெம்பெல்லுக்கு எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நான் ஆசைப்பட்டு விண்ணப்பம் போட்டுச் சேர்ந்தவன். அந்த எண்ணிக்கை எனக்கு இருந்ததில்லை. படம் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தை நான் மறக்கவில்லை.

கடலும் வானமும் சாம்பல் பூசியது போல இருக்கிறதே, உண்மையிலேயே அந்த ஊர் அப்படியா, இல்லை கேமரா வேலையா? நீங்கள் அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?
– வாசகர், காரைக்குடி

போயிருக்கிறேன். நம் விமானம் தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவை ரஷ்யாவின் செவரோத்வின்ஸ்க் கப்பல் தளத்தில் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது இந்தியாவிலிருந்து போன மாலுமிகளில் நானும் ஒருவன். வெண்கடல் ஓரத்து ஊர் அது. குளிர்காலத்தில் கடலே உறைந்துவிடும். டிசம்பரில் நான்கு மணி நேரம் பகல் இருந்தால் அதிகம்.

மர்மன்ஸ்க் இன்னும் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்குள். அங்கே டிசம்பர் தொடங்கி ஜனவரி நடு வரை சுமார் நாற்பது நாள் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஆனாலும் துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக்கில் இருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அதைக் காப்பாற்றுகிறது. கடல் உறையாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் அலைத்துளி கப்பலின் மேல் பட்டதும் உறையும். கம்பி, கயிறு, ஆண்டெனா எல்லாவற்றிலும் பனிக்கட்டி ஏறிக்கொண்டே போனால் மேல்பக்கம் எடை கூடிக் கப்பல் கவிழ்ந்துவிடும். 1955 ஜனவரியில் ஐஸ்லாந்துக்கு வடக்கே இரண்டு பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பல்கள் அப்படித்தான் மூழ்கி நாற்பது பேர் போனார்கள். அந்தக் கடலில் கட்டையும் கடப்பாரையும் எடுத்துப் பனியை உடைப்பது மாலுமிக்கு அன்றாட வேலை.

நிறத்துக்கு வருகிறேன். சொகுரோவ் இதை வீடியோவில் எடுத்தார், அதனால் கொஞ்சம் வெளிறல் உண்டு. ஆனால் பெரும்பகுதி அந்தக் கடலின் நிறம்தான். 2013 ஜூலையில் சோதனை ஓட்டத்துக்காகப் பேரன்ட்ஸ் கடலில் இருந்தோம். கப்பலை ஓட்டியது ரஷ்யர்கள், நாங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மிடில் வாட்ச் முடிந்து விடியற்காலை 4 மணிக்கு மேல்தளத்துக்கு வந்தேன். நல்ல வெளிச்சம். கண் கூசவில்லை, நிழல் விழவில்லை. கடல் ஈயப் பாத்திரத்தின் உட்புறம் போல இருந்தது. பக்கத்தில் ஒரு ரஷ்ய மெக்கானிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாகத் தெரிந்த சொல் ஒன்றுதான். அவர்கள் ‘வாக்தா’ என்பார்கள், நாங்கள் ‘வாட்ச்’ என்போம். இரண்டும் பழைய ஐரோப்பியச் சொல் ஒன்றின் கிளைகள். அவர் வானத்தைக் காட்டி ‘வாக்தா’ என்றார். இந்த ஊர்ச் சூரியனுக்கும் வாட்ச் முடிவதே இல்லை என்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன்.

சென்ற இதழில் படத்தைப் பாராட்டி மட்டுமே எழுதியிருந்தீர்கள். குறையே இல்லையா?
– வாசகர், சேலம்

இருக்கிறது. எழுதாமல் விட்டது என் தப்பு. இரண்டு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

இது கமாண்டரின் டைரி. ஆவணமும் கற்பனையும் கலந்து செய்தது. தனிமை, கட்டளை, சுதந்திரம், வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று அவர் யோசித்துக்கொண்டே போகிறார். அந்த யோசனைகள் உண்மையானவை. ஒரு கப்பல் தலைவனுக்குத் தன் பாரத்தைச் சொல்லி இறக்கி வைக்க ஆள் கிடையாது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் படத்தில் வேலை செய்கிற பையன்களோ? அவர்கள் முகத்தை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அவர்கள் மனதில் ஓடுவது ஒரு வரிகூட நம் காதுக்கு வருவதில்லை. யோசிப்பது மேல்தளம், உழைப்பது கீழ்த்தளம் என்று படம் தானாகப் பிரித்துவிடுகிறது.

கீழ்த்தளத்தில் இருபது ஆண்டு இருந்தவன் சொல்கிறேன்: பையன்களும் யோசிக்கிறார்கள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது, துரு சுரண்டும்போது, மிடில் வாட்சில் லாக் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு. என்னோடு இருந்த பையன் ஒருவன், சிவகங்கைப் பக்கம், பத்தாம் வகுப்புதான் படித்தவன். வங்காள விரிகுடா நடுவில் ஒரு ராத்திரி என்னிடம் கேட்டான்: “அண்ணே, நாம இங்க முழிச்சிருக்கிறது ஊர்ல யாருக்காச்சும் தெரியுமா?” எந்தக் கமாண்டரின் டைரியிலும் வைக்கத் தகுந்த வரி அது.

செவரோத்வின்ஸ்கில் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். விக்ரமாதித்யா புதிய கப்பல் இல்லை. 1987-இல் ‘பாக்கு’ என்ற பெயரில் சோவியத் கடற்படையில் சேர்ந்தது, பிறகு ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ ஆனது. படத்தில் வரும் பையன்களின் அதே வடக்குக் கடற்படையில்தான் இருந்தது. புதுப்பித்தபோது பெரும்பாலான அறைகளைப் பிரித்துப் புதிதாகச் செய்தார்கள். மிச்சமிருந்த பழைய மூலை ஒன்றில், ஒரு குழாய்க்குப் பின்னால் கை விட்டு வால்வைத் தேடிக்கொண்டிருந்தேன். பெயின்டுக்கு அடியில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். இரும்பில் கீறிய கோடுகள். நான்கு செங்குத்து, குறுக்கே ஒன்று. அதுபோல வரிசை வரிசையாக. மேலே எத்தனையோ தடவை பெயின்ட் அடித்திருந்தார்கள், கோடு மறையவில்லை. ஆணியாலோ ஸ்க்ரூடிரைவராலோ எவனோ ஒரு பையன் டெம்பெல்லுக்கு நாள் எண்ணியிருக்கிறான். எண்ணிப் பார்த்தேன். எண்பத்துமூன்று கோடுகளுக்குப் பிறகு குழாயின் தாங்கி மறைத்துவிட்டது.

பவின்னஸ்த் படத்தில் நான் தேடுவது அந்தச் சுவரைத்தான். சொகுரோவ் பெரிய கலைஞர். அவருடைய அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர், உடுப்புக்காரர்களை அவர் ஒருபோதும் மலிவாகக் காட்டுவதில்லை. ஆனாலும் அந்தப் பையன்களில் ஒருவன் கையில் ஒரு பாகத்துக்காவது டைரியைக் கொடுத்திருக்கலாம்.

மாலுமிகளின் அலுப்பைக் காட்டும் வேறு படங்கள்?
– வாசகர், புதுச்சேரி

1981-இல் வந்த ஜெர்மன் படம் ‘தாஸ் போட்’. நீர்மூழ்கிக்குள் எதிரி வரும் வரை காத்துக் கிடக்கும் நாட்களை அவ்வளவு நெருக்கமாக யாரும் காட்டவில்லை. அமெரிக்கப் படம் வேண்டுமென்றால் 1955-இல் வந்த ‘மிஸ்டர் ராபர்ட்ஸ்’, சரக்குக் கப்பலில் போர் முனைக்குப் போக முடியாமல் தவிப்பவனின் கதை. எனக்கு முதலாவது பிடிக்கும்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் எங்கள் கொழும்புக்கு வந்து போனவர். கடலில் போகும் சிப்பாய் பற்றி அவர் எழுதிய கதையை இந்தப் படத்தோடு சேர்த்துப் படிக்கலாமா?
– வாசகர், கொழும்பு

கட்டாயம் படிக்கலாம். நீங்கள் கேட்டதற்கு நன்றி, அந்தக் கதையை நான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

செகாவ் 1890-இல் சகலின் தீவுக் கைதிகளைப் பார்த்துவிட்டுக் கடல் வழியாக ஊர் திரும்பினார். ஹாங்காங், சிங்கப்பூர், பிறகு உங்கள் ஊர். சிங்கப்பூர் வரும் வழியில் கப்பலில் இறந்த இருவரைக் கடலில் இறக்கியதைப் பார்த்தார். அந்த டிசம்பரிலேயே ‘கூசெவ்’ கதை வெளிவந்தது. சேவை முடிந்து ஊர் திரும்பும் சாதாரணச் சிப்பாய் ஒருவன் கப்பலின் நோயாளிகள் அறையில் காய்ச்சலோடு கிடக்கிறான். வெப்பக் கடலின் நடுவே அவன் கண்ணுக்குள் ஊர்ப் பனியும் சறுக்கு வண்டியும் வந்துகொண்டே இருக்கின்றன. கடைசியில் அவனைப் பாய்த் துணியில் வைத்துத் தைக்கிறார்கள். தைத்து முடித்ததும் அவன் முள்ளங்கி போலத் தெரிகிறான் என்று எழுதுகிறார் செகாவ், தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் குறுகல். இப்படிப் பார்க்க எவ்வளவு அன்பு வேண்டும்! அதற்குப் பிறகும் கதை நிற்கவில்லை. அவனோடு தண்ணீருக்குள் இறங்குகிறது, மீன்கள் வருகின்றன, மேலே வானம் நிறம் மாறுகிறது.

நூறாண்டுக்கு முன்னாலேயே செகாவ் டைரியைச் சிப்பாய் கையில் கொடுத்துவிட்டார். சேலத்து வாசகருக்கு நான் சொன்ன குறை இதைப் படித்த பிறகுதான் எனக்கே தெளிவானது.

அண்ணே, என் மகன் அக்னிவீரராகச் சேர்ந்து, சில்காவில் பயிற்சி முடித்து, இப்போது விசாகப்பட்டினத்தில் கப்பலில் இருக்கிறான். கடலுக்குப் போனால் பல நாள் போன் கிடையாது. கரைக்கு வந்து பேசினாலும் “நல்லா இருக்கேன்மா” என்பதற்கு மேல் பேச்சு இல்லை. இந்தப் படத்தைப் பார்த்தால் அவன் நிலைமை எனக்குப் புரியுமா?
– ஒரு தாய், ராமநாதபுரம் மாவட்டம்

தங்கச்சி, முழுவதும் பார்க்க வேண்டாம். அது வேறு நாடு, வேறு குளிர், இஷ்டம் இல்லாமல் அழைத்து வந்த பையன்கள். உன் மகன் தானாக விரும்பிப் போனவன். அந்த இருட்டைப் பார்த்துவிட்டு நீ ராத்திரி தூங்காமல் கிடக்கக் கூடாது.

அவன் பேசாததற்குக் கோபமோ கஷ்டமோ காரணம் என்று நினைத்துக்கொள்ளாதே. நானும் அப்படித்தான் இருந்தேன். வாட்ச் நின்றேன், சாப்பிட்டேன், தூங்கினேன், மறுபடி வாட்ச் நின்றேன். இதில் அம்மாவிடம் சொல்ல என்ன இருக்கிறது? கப்பல் எங்கே போகிறது என்று சொல்லவும் கூடாது. “என்னடா விசேஷம்” என்று அம்மா கேட்டால் எனக்கு ஒன்றும் வராது.

ஆனால் ஒன்று வந்தது. எங்கள் காலத்தில் கடிதம்தான். ஃப்ளீட் மெயில் ஆபீஸ் விலாசத்துக்கு இன்லண்ட் லெட்டர் போட்டால், கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே பை வந்து சேரும். ஒரு தடவை இருபத்துமூன்று நாள் கடலில் இருந்துவிட்டுத் திரும்பினோம். எனக்கு நான்கு கடிதம் ஒன்றாகக் கிடந்தது. தபால் முத்திரைத் தேதி பார்த்து வரிசையாக அடுக்கி, பங்க்கில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அம்மா அதிகம் படித்தவள் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஒரு வரி. மற்றதெல்லாம் வீட்டுச் சங்கதி. செவலை மாடு சினைப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் கரண்ட் இழுத்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை அடித்த காற்றில் முருங்கையில் பெரிய கொம்பு ஒன்று முறிந்துவிட்டது, மாமா வந்து வெட்டிப் போட்டார், அதில் பதினேழு காய் இருந்தது, நாலு வீட்டுக்குக் கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து இரண்டு பக்கம் பதில் எழுதினேன். முறிந்தது கிணற்றுப் பக்கக் கொம்பா, தொழுவத்துப் பக்கக் கொம்பா என்று கேட்டு.